பிளஸ் டூ செட் 25 வருஷம் கழித்துக் கூடுகிறது: எதைச் செய்யணும், எதை விடணும்?

குடமுருட்டி:

வணக்கம். கும்பகோணம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. 2001 மார்ச்சில் பிளஸ் டூ எழுதிய செட். முதல் குரூப், காமர்ஸ், தொழிற்கல்வி மூன்றும் சேர்த்து 140 பேர் போல இருந்தோம். வாட்ஸாப் குழுவில் இன்றைக்கு 61 பேர். அதில் பெண்கள் ஒன்பதே பேர். 25 வருஷம் ஆகிறதே, பள்ளிக்கூடத்திலேயே ஒரு நாள் கூடலாம் என்று பேச்சு கிளம்பி, நாலு பேர் தலையில் பொறுப்பு விழுந்திருக்கிறது.

குழுவில் மூன்று கட்சி. யூனிஃபார்ம் தைத்துப் போட்டுக்கொண்டு, மணி அடித்து, பிரேயர் சொல்லி, பழைய பெஞ்சில் உட்கார, சார் வந்து பாடம் எடுக்கணும் என்று ஒரு கட்சி. மேடை, எம்.எல்.ஏ., இன்னிசை, யூடியூபில் நேரலை என்று இன்னொன்று. "பிரியாணி போட்டா போதும், பேசிட்டுப் போவோம்" என்பது மூன்றாவது.

எங்களுக்குத் தெரிய வேண்டியது: எந்தத் தேதி வைத்தால் ஆள் வரும், மீதி 80 பேரை எப்படித் தேடுவது, தலைக்கு எவ்வளவு வாங்குவது, பெண்கள் வர என்ன செய்யணும், ஆசிரியர்களை எப்படிக் கூப்பிடுவது. இதைவிட முக்கியம், இப்படிக் கூடுகிற செட்டுகள் ஆறே மாதத்தில் முறைத்துக்கொண்டு பிரிவதாகவும் சொல்கிறார்கள். அது ஏன் ஆகிறது?

பந்திக்கணக்கு:

முதலில் தேதி. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உங்கள் பக்கத்துக்குத் தோதான நாள், கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் வரும் ஞாயிறு. அரையாண்டு விடுமுறை, பள்ளி காலியாக இருக்கும். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. சமையல்காரர், நாற்காலிக்காரர், போட்டோகிராபர் எல்லாரும் சும்மா இருப்பார்கள், பேரமும் படியும். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் ஊருக்கு வருகிற நேரமும் அதுதான். தை பிறந்துவிட்டால் சம்பா அறுவடை. விவசாயம் பார்க்கிறவர் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார். சித்திரை, வைகாசி பக்கமே போகாதீர்கள். வெயிலும் முகூர்த்தமும் சேர்ந்து பாதிப் பேரைத் தின்றுவிடும்.

இந்தத் தேதியிலும் சிக்கல் உண்டு. டெல்டாவில் மார்கழி மழையை நம்ப முடியாது, மைதானத்தில் பந்தல் என்று திட்டம் போடாதீர்கள். வராந்தாவும் மூன்று வகுப்பறையும் போதும். அடுத்தது, சபரிமலைக்கும் மற்ற கோயில்களுக்கும் மாலை போட்டிருப்பவர்கள் அப்போது நிறைய. அவர்களுக்குச் சைவம் என்று பெயருக்கு வைத்தால் சாப்பிடாமல் எழுந்து போவார்கள்: அடுப்பு, பாத்திரம், கரண்டி மூன்றும் தனியாக இருக்கணும், அதை முன்கூட்டியே குழுவில் சொல்லவும் வேணும். கிறிஸ்தவ நண்பர்களுக்கு ஞாயிறு காலை ஆராதனை. அதனால் 10:30-க்கு முன் எதையும் தொடங்காதீர்கள்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். முன்பு 120 நாள் இருந்தது. அந்த வாரம் எப்படியும் கூட்டம் நெரியும். தேதியை 90 நாள் முன்னால் உறுதி செய்து, முன்பதிவு திறக்கும் நாளை மட்டும் தனி அறிவிப்பாகப் போடுங்கள். சென்னைக்காரர்கள் ஞாயிறு இரவு உழவன் எக்ஸ்பிரஸைப் பிடிப்பார்கள். மாலை 4:30-க்கு முடித்தால்தான் அம்மா வீட்டில் ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போக முடியும்.

இனி பணம். 70 பேர் வருவதாக வையுங்கள். ஆசிரியர் 12, பள்ளிப் பணியாளர், டிரைவர், உதவியாள் 13. ஆக 95 இலை. இலைக்கு 250 என்றால் 23,750. போட்டோ 12,000. நாற்காலி, மைக் 8,000. ஆசிரியருக்கு வண்டி, மரியாதை சேர்த்துத் தலைக்கு 1,500 வீதம் 18,000. பேட்ஜ், அச்சு 2,500. தண்ணீர், டீ, துப்புரவு 5,000. கூட்டினால் 69,250. இதற்கு மேல் பத்து சதவீதம் கைக்காவலாக 6,925. மொத்தம் 76,175. ஆளுக்கு 1,088 வருகிறது. விலை ஊருக்கு ஊர் மாறும், கணக்குப் போடும் முறையைப் பாருங்கள்.

ஆனால் 1,100 என்று வசூல் போடாதீர்கள். ஆயிரம் என்று போடுங்கள். கூடக் கொடுக்க நினைப்பவர் பொருளாளரிடம் தனியாகக் கொடுக்கட்டும், கொடுக்க முடியாதவர் அதே பொருளாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரட்டும். யார் எவ்வளவு என்பது அந்த ஒருவருக்கு மட்டும் தெரியணும். குழுவில் போட வேண்டியது செலவுக் கணக்கு, பில் படத்தோடு. பெரும்பாலான செட்டுகள் செய்வது நேர்மாறு: "இன்னார் 25,000" என்று வரவுப் பட்டியலைப் போட்டுப் பூங்கொத்து ஸ்டிக்கர் குவிப்பார்கள், செலவைக் காட்ட மாட்டார்கள். நீங்கள் கேட்ட ஆறு மாதச் சண்டையில் பாதி அங்கேதான் பிறக்கிறது. 25,000 கொடுத்தவர் மைக்கை எதிர்பார்ப்பார்; 500 கொடுக்க யோசித்தவர் வராமலே இருந்துவிடுவார்.

கணக்கு வைக்க இரண்டு பேர் பெயரில் சேமிப்புக் கணக்கு போதும். 'ஐதர் ஆர் சர்வைவர்' வகையாக, அதாவது இருவரில் யாரும் தனியாக இயக்கும்படி இருக்கட்டும். இருவரும் சேர்ந்தே கையெழுத்திடும் 'ஜாயின்ட்லி' என்று போட்டால் யூபிஐ வேலை செய்யாது, அப்புறம் செக் புத்தகத்தோடு அலைய வேண்டும்.

"வரேன் மச்சி" என்பதை எண்ணிச் சமைக்காதீர்கள். பணம் வந்த தலையை எண்ணுங்கள், பணம் வேண்டாம் என்று பொருளாளர் குறித்த தலைகளையும் சேர்த்து. பிரியாணிக்குக் கணக்கு: ஒரு கிலோ சீரகச் சம்பா பெரியவர்கள் எட்டுப் பேருக்கு வரும். அசைவம் 65 பேர் என்றால் 8 கிலோ அரிசி, கறி 12 கிலோ. பஃபே வேண்டாம், பந்தி போடுங்கள். பஃபே வைத்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு அவனவன் பழைய கும்பலோடு மூலைக்குப் போய்விடுவான். பந்தியில் சீட்டுக் குலுக்கி உட்கார வைத்தால் காமர்ஸ்காரரும் தொழிற்கல்விக்காரரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காருவார்கள். ஒரு பந்திக்கு 40 நிமிஷம், இரண்டு பந்தி.

கடைசி பெஞ்ச்:

எம்.எல்.ஏ. கட்சிக்காரருக்கு: 11 மணி விழாவுக்கு அவர் 1 மணிக்கு வருவார். அதுவரை யாரும் எதையும் தொடங்க முடியாது, பிரியாணி அடியில் குழையும். செட்டில் பாதி வேறு கட்சியாக இருக்கும். வாசலில் கொடி நட ஆள் வந்துவிடும். தேவையா?

இன்னிசைக்காரருக்கு: 25 வருஷம் பேசாதவனிடம் பேச வந்தவன் காதோரம் கத்திக்கொண்டு நிற்பான்.

"எல்லாரும் மேடையேறி அறிமுகம்" என்று ஒருத்தர் கட்டாயம் சொல்வார். 70 பேர், ஆளுக்கு மூன்று நிமிஷம், 210 நிமிஷம். மூன்றரை மணி நேரம் போச்சு. பதினைந்தாவது ஆளுக்கு மேல் எவனும் கேட்கவும் மாட்டான். அதோடு மைக்கில் பதவியும் சம்பளமும் ஏறிக்கொண்டே போகும். பெட்டிக்கடை வைத்திருப்பவர் பாத்ரூம் பக்கம் நழுவிவிடுவார். அறிமுகம் பேட்ஜ் செய்யட்டும். மேடை மொத்தம் ஒரு மணி நேரம், அதுவும் ஆசிரியர்களுக்கு.

பேட்ஜில் பெயர், பிரிவு, ஊர் மட்டும். தொழில் வேண்டாம். எழுத்து பெரிசாக, தடித்த மார்க்கரில். நமக்கெல்லாம் வெள்ளெழுத்து வந்தாச்சு. பட்டுப்புடவையில் ஸ்டிக்கர் ஒட்டினால் பசை போகாது, சேஃப்டி பின் கொடுங்கள். நீளக் கயிறு போட்டால் பேட்ஜ் தொப்பையில் தொங்கும், பெயர் படிக்க எல்லாரும் எல்லார் வயிற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சாக்பீஸ்:

அனுமதி பற்றி யாரும் சொல்லவில்லையே. அரசுப் பள்ளி வளாகத்தில் வெளியார் கூடுவதற்குத் தலைமையாசிரியர் தாமாகச் சரி என்று சொல்லிவிட முடியாது. குறிப்பாக சென்னைப் பள்ளி ஒன்றில் நடந்த சொற்பொழிவு 2024 செப்டம்பரில் சர்ச்சையான பிறகு எல்லாரும் கவனமாக இருக்கிறார்கள். முதன்மைக் கல்வி அலுவலர் பெயருக்கு, தலைமையாசிரியர் வழியாக, 45 நாள் முன்னால் கடிதம் கொடுங்கள். தேதி, நேரம், எத்தனை பேர், எந்த அறைகள், பொறுப்பாளர் நால்வரின் பெயரும் எண்ணும் இருக்கட்டும். அரசியல், மதம் சார்ந்த நிகழ்ச்சி இல்லை, மது இல்லை, மறுநாள் காலைக்குள் துப்புரவு செய்து ஒப்படைப்போம் என்ற மூன்று உறுதிகளையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். எம்.எல்.ஏ. பெயர் அழைப்பிதழில் ஏறினால் இந்தக் கடிதம் மேசையிலேயே தூங்கும். சாலையோரம் ஃப்ளெக்ஸ் வைக்கத் தனி அனுமதி வேண்டும். வளாகத்துக்குள் துணிப் பதாகை ஒன்று கட்டினால் அந்தத் தலைவலி கிடையாது.

விடுபட்டவர்களைத் தேட எல்லாரும் முதலில் கேட்பது சேர்க்கைப் பதிவேடு. அதில் தொலைபேசி எண் இருக்காது. 2001-ல் எத்தனை வீட்டில் போன் இருந்தது? மேலும் அதில் சாதிப் பத்தி உண்டு, தந்தை தொழில் உண்டு. அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டால் 25 வருஷ நட்பு ஒரு மணி நேரத்தில் நாறிப்போகும். தலைமையாசிரியரிடம் பெயரும் ஊரும் மட்டும் கையால் எழுதிக்கொள்ள அனுமதி கேளுங்கள், அதுதான் முறை.

பட்டியல் கைக்கு வந்ததும் ஊர்வாரியாகப் பிரியுங்கள். இந்த மாதிரிப் பள்ளிக்குப் பத்துப் பதினைந்து கிராமத்திலிருந்து பிள்ளைகள் வந்திருப்பார்கள். கிராமத்துக்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, அந்த ஊர்ப் பெயர்களை மட்டும் அவரிடம் கொடுங்கள். ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் விசாரித்தால் கிடைப்பது முகநூலில் கிடைக்காது. முகநூலில் செந்தில்குமார் என்று தேடிப் பாருங்கள், தெரியும். நம் ஊர்ப் பெண்களுக்குக் கல்யாணத்தில் இனிஷியலே மாறிவிடும், அதனால் பெண்களை அண்ணன் தம்பி வழியாக, பிறந்த வீட்டு வழியாகத் தேடுங்கள்.

ஆசிரியர்கள். போன் செய்யும்போது முதலில் வீட்டில் வேறு யாரிடமாவது பேசுங்கள். உடல்நிலை, நடை, காது, நினைவு எல்லாம் எப்படி என்று தெரிந்துகொண்டு அப்புறம் அழைப்பை வையுங்கள். சிலர் இல்லாமலும் இருக்கலாம், விசாரிக்காமல் "சார் இருக்காங்களா?" என்று உற்சாகமாகக் கேட்டு அவர் மனைவியைக் கலங்க வைக்காதீர்கள். வண்டி அனுப்பினால் கூடவே ஒரு பழைய மாணவர் போகணும், டிரைவரை மட்டும் அனுப்பக் கூடாது. கைப்பிடி உள்ள நாற்காலி. வெஸ்டர்ன் கழிப்பறை பள்ளியில் இருக்காது, பக்கத்தில் ஒரு வீட்டைப் பேசி வையுங்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை. 12:30-க்கு அவர்களுக்குத் தனியாக இலை போட்டுவிடணும், இரண்டாம் பந்திக்குக் காக்க வைக்கக் கூடாது. மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அவர்களை மேடையில் உட்கார வைக்காதீர்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பொன்முலாம் பூசிய கேடயம் வேண்டவே வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டு அலமாரியைப் பார்த்தாலே தெரியும், தூசி தட்ட முடியாமல் கிடக்கும். பொன்னாடைக்குப் பதில் நல்ல கதர் வேட்டி, கைத்தறிப் புடவை. அதோடு செட்டில் உள்ளவர்கள் ஆளுக்கு நாலு வரி எழுதிய, பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு சின்ன நோட்டு.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். "சார், என்னை ஞாபகம் இருக்கா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். வருஷத்துக்கு ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 45 பிள்ளைகள், 30 வருஷம். 6,750 முகங்கள். "2001 காமர்ஸ் சார், பாபநாசத்திலிருந்து சைக்கிளில் வருவேன்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அவருக்கு நினைவு வந்தால் அவரே சொல்வார்.

லேப் அட்டெண்டர், வாட்ச்மேன், சத்துணவு அம்மா உயிரோடிருந்தால் அவர்களுக்கும் மேடையில் அதே நாற்காலி, அதே வேட்டி புடவை.

செம்பருத்தி:

61-ல் ஒன்பது என்பது பெண்களுக்கு ஆர்வம் இல்லாததால் வந்த கணக்கில்லை. வாட்ஸாப் குழுவில் சேர்ந்த நொடியில் எண் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறது. அன்றைக்கு இரவே "ஹாய், ஞாபகம் இருக்கா" என்று ஏழு தனிச்செய்தி. வீட்டில் போனை யார் எடுப்பார்கள் என்று யோசித்தே பலர் சேர்வதில்லை.

வாட்ஸாப்பில் 'கம்யூனிட்டி' என்று தொடங்கினால் அதன் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர் எண்கள் மற்ற உறுப்பினருக்குத் தெரியாது, அட்மினுக்கு மட்டும் தெரியும். தேதி, பணம், வழி எல்லாம் அதில் வரட்டும். அரட்டைக் குழு தனியாக, விரும்பியவர் சேரட்டும். யாரையும் கேட்காமல் சேர்க்காதீர்கள், இணைப்பை அனுப்பி விடுங்கள். அட்மினில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கணும். மற்ற பெண்களைக் கூப்பிடுவது அந்த இரண்டு பேர் வேலை.

குடும்பத்தோடா, தனியாகவா என்பதை மழுப்பாமல் அழைப்பிலேயே எழுதுங்கள். குடும்பத்தோடு என்றால் கணவரும் பிள்ளைகளும் வேடிக்கை பார்த்துக்கொண்டு ஐந்து மணி நேரம் என்ன செய்வார்கள்? தனியாக என்றால் சிலரை அனுப்ப மாட்டார்கள். நடைமுறையில் சரியாக வருவது: காலை 10:30 முதல் சாப்பாடு வரை மாணவர்கள் மட்டும், 1 மணிக்குக் குடும்பம் வந்து சேர்ந்து சாப்பிடலாம். குடும்ப இலைக்குத் தனிக் கட்டணம். பந்திக்கணக்கு போட்ட 95 இலையில் இது சேரவில்லை, கூட்டிக்கொள்ளுங்கள்.

மைக் பிடிப்பவருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்: யார் யாரைக் காதலித்தார், யார் லெட்டர் கொடுத்தார் என்ற பேச்சு கூடாது. பட்டப்பெயர் கூடாது. அன்றைக்குக் குண்டு, கருவாச்சி, திக்குவாய் என்றெல்லாம் கூப்பிட்டது கூப்பிட்டவருக்குத்தான் இனிக்கும். அப்படிக் கூப்பிடப்பட்டவர், மகள் பக்கத்தில் நிற்கும்போது அதை இன்னொரு தடவை கேட்க வரவில்லை.

போட்டோ: முகநூலில் எதையும் போடுவதில்லை, டிரைவ் இணைப்பு செட்டுக்கு மட்டும் என்று முன்பே சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். யூடியூப் நேரலை என்றால் நான் சொன்ன எதுவும் செல்லாது.

குடி. பள்ளியில் இருக்காது சரி, வாசலில் காருக்குள் இருக்கும். பதினொரு மணிக்கே நாலு பேர் கண் சிவந்து வந்தால் பெண்கள் சாப்பாட்டுக்கு முன் கிளம்பிவிடுவார்கள். வேண்டும் என்கிறவர்களுக்கு முந்தின நாள் இரவு லாட்ஜில் அவர்கள் செலவில், செட் பெயரில் இல்லாமல்.

நினைவடுக்கு:

யூனிஃபார்ம் கட்சியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, அதனால் அங்கே தொடங்குகிறேன்.

நாற்பது தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் அதிகம் வரும். உளவியலில் பல தடவை சோதித்துப் பார்த்த விஷயம் இது. முதல் தடவை நடந்தவை எல்லாம் அந்த வயதில்தான் குவிந்து கிடக்கின்றன. அதனால் பள்ளி நாள் மற்ற நாளைவிடப் பளிச்சென்று இருக்கிறது. பளிச்சென்று இருப்பதாலேயே அது இனிப்பாக இருந்தது என்று ஆகாது. ஒரே ஒரு செட் யூனிஃபார்மைத் தினம் இரவு துவைத்துக் காயப்போட்டுப் போட்டு வந்த பிள்ளைக்கும் அது பளிச்சென்றுதான் இருக்கும். கட்டணம் கட்டாததற்கு வெளியே நின்றவருக்கும் அப்படியே. 43 வயதில் ஆயிரம் ரூபாய் கொடுத்து அதைத் திரும்பத் தைத்துப் போடு என்றால் அவர் சிரித்துவிட்டு வராமல் இருப்பார், காரணமும் சொல்ல மாட்டார். பிரேயரும் மணியும் வேண்டுமானால் இருக்கட்டும், ஐந்து நிமிஷம். யூனிஃபார்மை விட்டுவிடுங்கள்.

அடுத்து, சேர்ந்து உட்கார்ந்து நினைவுகூர்ந்தால் எல்லாம் ஞாபகம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். சோதனைகளில் தெரிவது வேறு. நாலு பேர் தனித்தனியாக நினைவுகூர்ந்ததைச் சேர்த்தால் வருகிற அளவு, நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தால் வருவதில்லை. ஒருவர் சொல்லும் வரிசை மற்றவர் தேடும் வழியைக் குழப்பிவிடுகிறது. குரல் பெரிதாக உள்ளவர் சொன்ன கதையே எல்லாருடைய கதையாகவும் உறைந்துபோகிறது. ஆகவே சாக்பீஸ் சொன்ன நாலு வரிகளைக் குழுவில் எழுதச் சொல்லாதீர்கள். மூன்று வாரம் முன்னால் ஒரே ஒருவருக்குத் தனித்தனியாக அனுப்பச் சொல்லுங்கள்: பள்ளியில் ஓர் இடம், ஓர் ஆசிரியர் சொன்ன ஒரு வாக்கியம், யாருக்கும் தெரியாத ஒரு விஷயம். அச்சடித்து வகுப்பறைச் சுவரில் வரிசையாக ஒட்டிவிட்டால் பேச்சு தானாகக் கிளம்பும். பெயர் போட விரும்பாதவர் போட வேண்டாம்.

பழைய குரூப் போட்டோவுக்கும் இதே சுவர். ஃபிரேம் கண்ணாடியில் படம் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், மேல்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்து எடுக்கலாம்.

ஆறு மாதச் சண்டைக்கு வருகிறேன். பணம் பாதிக் காரணம் என்று மேலே சொன்னார்கள், ஒப்புக்கொள்கிறேன். மறுபாதி எதிர்பார்ப்பு. ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2018-ல் போட்ட கணக்கு: தெரிந்தவர் சாதாரண நண்பராக 50 மணி நேரம் போல, நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. பள்ளியில் நாளுக்கு ஆறு மணி, வருஷத்துக்கு 200 நாள், 1,200 மணி நேரம் யாரும் கேட்காமலே கிடைத்தது. அதில் உண்டான நெருக்கம் அன்றைய ஆளோடு. இன்றைக்கு எதிரில் நிற்பவரோடு கழித்தது ஆறு மணி நேரம்தான். ஆனால் பழைய உரிமை அப்படியே நிற்கும்: கடன் கேட்கலாம், பாலிசி விற்கலாம், மகனுக்கு வேலை கேட்கலாம், கட்சிப் பதிவு போட்டு வம்பிழுக்கலாம் என்று தோன்றும். மறுத்தால் "மாறிட்டான்" என்று பேச்சு வரும். மாறாமல் என்ன செய்வார்?

எனவே குழுவில் விற்பனை, கடன், அரசியல் மூன்றும் இல்லை என்று முதல் நாளே எழுதி மேலே குத்தி வையுங்கள். பெருவிழாவை வருஷா வருஷம் வைக்காதீர்கள். அதே நாலு பேர் அதே வேலையைச் செய்து அலுத்துப்போவார்கள். சென்னையில் பத்துப் பேர், திருச்சியில் ஆறு பேர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டீ குடித்தால் அந்த மணி நேரக் கணக்கு ஏறும்.

குடமுருட்டி:

எல்லாருக்கும் நன்றி. யூனிஃபார்ம் கட்சியைச் சமாளித்துவிடலாம். இரண்டு விஷயம் இன்னும் உறுத்துகிறது. இறந்துபோனவர்கள் ஆறு பேர் என்று குழுவில் பட்டியல் ஓடுகிறது. மேடையில் அஞ்சலி வைக்கலாமா? இன்னொன்று, ஒருவர் நேராகவே சொல்லிவிட்டார், "அந்த ஸ்கூல் நினைப்பே எனக்கு வேணாம், விட்டுடுங்க" என்று. அவரைப் பள்ளியில் படுத்திய இரண்டு பேர் இப்போது குழுவில் முன்னணியில் நிற்கிறார்கள். அதில் ஒருவர் மேடையிலேயே மன்னிப்புக் கேட்கிறேன் என்கிறார்.

சாக்பீஸ்:

பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்த வகுப்பில் உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி செலுத்துவது சர்வ சாதாரணமாக நடக்கும். ஒவ்வொரு பெயரையும் அந்த வீட்டு ஆள் ஒருவரிடம் நேரில் உறுதி செய்யுங்கள், கூடவே படமும் வாங்குங்கள், பெயரைச் சொல்லலாமா என்று கேளுங்கள். எப்படி இறந்தார் என்பதை மேடையில் சொல்லவே கூடாது. தொடக்கத்தில் பெயர்களைப் பிரிவோடும் ஊரோடும் நிறுத்தி வாசித்து, ஒரு நிமிஷம் நின்றால் போதும். சோக இசை, ஸ்லைடு ஷோ எல்லாம் வேண்டாம். அந்த வீட்டுக்காரர்கள் வர விரும்பினால் பந்தியில் இடம் வையுங்கள்; விழா மேடைக்கு ஏற்றாதீர்கள்.

நினைவடுக்கு:

மேடையில் மன்னிப்புக் கூடவே கூடாது. கேட்பவருக்குக் கைதட்டல் கிடைக்கும், கேட்கப்படுபவருக்கு எழுபது பேர் எதிரில் "பரவாயில்லடா" என்று சொல்வதைத் தவிர வேறு வழியிருக்காது. மனசார என்றால் தனியாக, எழுத்தில், விழாவுக்கு மிகவும் முன்னால். என்ன செய்தேன் என்று குறிப்பாக எழுதணும், "ஏதாவது தப்பா நடந்திருந்தா" என்ற இழுப்பு ஆகாது. பதிலை எதிர்பார்க்கக் கூடாது. அந்தக் கடிதத்தோடு விழா அழைப்பைச் சேர்த்து அனுப்பினால் வரவழைக்கத்தான் எழுதினான் என்று ஆகிவிடும்.

வேண்டாம் என்றவரை நாலு பேரில் ஒருவர் ஒரே தடவை கூப்பிட்டு "சரி, புரியுது" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஒரு தடவை வந்து பாரு, எல்லாம் மறந்துடும்" என்று ஆள் மேல் ஆள் விடாதீர்கள். சுவரில் ஒட்டும் தாள்களில் அவர் பெயரோ அவரைப் பற்றிய தமாஷோ இருந்தால் எடுத்துவிடுங்கள். முன்னணியில் நிற்கும் அந்த இரண்டு பேர் கையில் மைக் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பந்திக்கணக்கு:

மிச்சப் பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் கணக்கு முடியாது. மிச்சத்தில் பள்ளிக்கு ஏதாவது செய்யணும் என்பார்கள், உடனே ஆர்.ஓ. தண்ணீர் மெஷின் என்பார்கள். வாங்குவது சுலபம். ஃபில்டரும் மெம்பிரேனும் மாற்ற வருஷா வருஷம் பணம் ஒதுக்காவிட்டால் இரண்டாவது வருஷம் அது துணி காயப்போடும் ஸ்டாண்டு. மூன்று வருஷப் பராமரிப்புக்குப் பணம் இல்லையென்றால் மெஷினே வாங்காதீர்கள். என்ன தேவை என்று தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கேளுங்கள். கழிப்பறைக் கதவு, மின்விசிறி, லேப் கண்ணாடிச் சாமான் என்று நீங்கள் நினைத்தே பார்க்காத பட்டியல் வரும்.

தொகை பெரிதாக இருந்தால் 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' தளத்தில் உங்கள் பள்ளியையே தேர்ந்தெடுத்து அனுப்பலாம், ரசீது வரும். வெளிநாட்டிலிருந்து அனுப்புபவர்கள் உங்கள் கூட்டுக் கணக்கில் போடுவதைவிட அந்தத் தளத்தின் வழியாக எப்படி அனுப்புவது என்று கேட்டு நேராக அனுப்பட்டும். 80ஜி வரிச்சலுகை கேட்பவர்களுக்கு: எங்கே கொடுத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் சேராது, புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அந்தச் சலுகையே கிடையாது. இதைச் சொல்லாமல் வசூலித்தால் மார்ச்சில் பொருளாளருக்குத்தான் போன் வரும்.

கணக்கை விழா முடிந்த பத்து நாளுக்குள் பில்களோடு போட்டுவிட்டு, மிச்சம் போன இடத்தின் ரசீதையும் சேர்த்து, கூட்டுக் கணக்கை மூடிவிடுங்கள். அடுத்த சந்திப்புக்கு இருக்கட்டும் என்று பணத்தை வைத்திருக்க வேண்டாம்.

குடமுருட்டி:

கடிதம் நாளைக்கே கொடுக்கிறோம். உழவன் டிக்கெட் திறக்கும் தேதியை மட்டும் முதலில் குழுவில் போட்டாச்சு.

கடைசி பெஞ்ச்:

எம்.எல்.ஏ.வுக்கு யாராவது ஏற்கெனவே சொல்லித் தொலைத்திருக்கிறார்களா என்று விசாரித்துவிடுங்க.

குடமுருட்டி:

சொல்லிட்டாங்க. சமாளிக்கிறோம்.